பார்லோ சாலை: கூண்டுவண்டிகள் போன காட்டுப்பாதையில் வண்டி ஓட்டும் முறை

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஹூட் மலையின் தெற்குச் சரிவைச் சுற்றிக்கொண்டு காட்டுக்குள் போகும் ஒற்றை மண்பாதைக்குப் பார்லோ சாலை என்று பெயர். 1846 முதல் மேற்கே குடியேறப் போனவர்களின் கூண்டுவண்டிகள் சென்ற அதே பாதையின் கிழக்குப் பகுதியில், வனத்துறையின் 3530ஆம் எண் சாலையாக, இன்றும் நம் வண்டியை ஓட்டிச் செல்ல முடிகிறது. இதை ஓட்டுவதற்கு அசாத்தியத் திறமை தேவையில்லை. நிதானமும் சில பழக்கங்களும் போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றக் காட்டுப்பாதைகளில் ஒரு நினைவுச்சின்னத்தைப் பார்ப்பதற்காக வண்டியில் போகிறோம். இங்கே சக்கரத்துக்கு அடியில் இருக்கும் பாதைதான் நினைவுச்சின்னம். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு முறையும், எந்த கியரில் இறங்குவது என்பதிலிருந்து எந்த மரத்தில் கயிறு கட்டுவது என்பது வரை, இதை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

பாதை ஏன் இங்கே வந்தது என்று தெரிந்தால் அதன் போக்கு புரியும். 1845 வரை, மேற்கே குடியேறுபவர்களின் நெடும்பாதையான ஆரிகன் தடத்தில் வந்தவர்கள் தி டேல்ஸ் என்ற இடத்தை அடைந்ததும், வண்டிகளைத் தெப்பத்தில் ஏற்றிக் கொலம்பியா ஆற்றில் விட வேண்டியிருந்தது. அதற்குச் செலவு அதிகம், உயிருக்கும் உத்தரவாதமில்லை. அந்த ஆண்டு சாம் பார்லோவும் ஜோயல் பால்மரும் தத்தம் குழுவினருடன் மலையைத் தெற்கே சுற்றிப் போகத் துணிந்தார்கள். பால்மர் அக்டோபரில் ஹூட் மலையின் பனிச்சரிவில் ஏறி நின்று வழி பார்த்தார். ஆனாலும் குளிர்காலம் முந்திக்கொண்டதால், வண்டிகளைக் காட்டிலேயே விட்டுவிட்டு அவர்கள் நடந்தும் குதிரையிலும் ஆரிகன் சிட்டியை அடைந்தார்கள். அடுத்த ஆண்டு தற்காலிக அரசின் அனுமதியுடன் பார்லோவும் ஃபிலிப் ஃபாஸ்டரும் மரங்களை வெட்டிப் பாதையைத் திறந்து சுங்கம் வசூலித்தார்கள். வண்டிக்கு 5 டாலர், மாடு அல்லது குதிரைக்குத் தலைக்கு 10 சென்ட். முதல் சுங்கச்சாவடி, இன்றைய வாமிக் ஊருக்கு அருகே கேட் ஓடைக்கரையில் இருந்தது. கோடரியும் ரம்பமும் நெருப்புமே அவர்களின் கருவிகள். பாறையை உடைத்துச் சமன்செய்ய வழியில்லாததால் பாதை ஓடையை ஒட்டி வளைந்து, பெரிய மரங்களைச் சுற்றி, சரிவுகளில் நேராக ஏறி இறங்கியது. இன்று ஓட்டுபவருக்கு நேரும் சிரமங்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன.

எப்போது, எந்த வண்டியில்

ஏறத்தாழ 4,155 அடி உயரத்தில் இருக்கும் பார்லோ கணவாயில் ஜூன் மாதத்திலும் பனி கிடக்கலாம். பனி உருகிய உடனே போவது தவறு. மேலே தரை காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், அடியில் மண் நீர் கோத்துச் சேறாக இருக்கும். அந்த வேளையில் போகும் ஒரு வண்டி விட்டுச் செல்லும் பள்ளம் அந்தக் கோடை முழுவதும் அப்படியே இறுகிக் கிடக்கும். ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரையிலான காலமே ஏற்றது. புறப்படுவதற்கு முன்பு டூஃபர் ஊரிலுள்ள பார்லோ வனச்சரக அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பாதை திறந்திருக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா, தீத்தடுப்பு விதிகள் நடப்பில் உள்ளனவா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தெந்தப் பாதையில் மோட்டார் வண்டி போகலாம் என்று காட்டும் வரைபடத்தை வனத்துறை இலவசமாகவே தருகிறது. அதைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வதோடு காகிதத்திலும் ஒரு படி வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் காட்டுக்குள் கைபேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது.

அடிப்பாகம் உயர்ந்த, நான்கு சக்கர இயக்கமும், மெதுவாக ஆனால் மிகுந்த இழுவிசையோடு ஓட உதவும் லோ ரேஞ்ச் கியரும் உள்ள வண்டி வேண்டும். லோ ரேஞ்ச் இல்லாத உயரமான வண்டிகளும் காய்ந்த பருவத்தில் போய்வருகின்றன. ஆனால் இறக்கத்தில் அவை பிரேக்கையே நம்ப வேண்டியிருப்பதால் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். கூண்டுவண்டியின் பெட்டி ஏறக்குறைய 4 அடி அகலமும் 10 அடி நீளமும் கொண்டது. பிற்காலத்தில் பாதை அங்கங்கே அகலப்படுத்தப்பட்டிருந்தாலும் அதன் வளைவுகள் அந்த அளவுக்கு ஏற்பவே அமைந்தவை. ஆறரை அடிக்கு மேல் அகலமுள்ள பெரிய பிக்கப் வண்டி போக முடியும், ஆனால் இருபுறமும் மரப்பட்டையை உரசாமல் போவது கடினம். குட்டையான ஜீப் வகை வண்டிக்குத்தான் இந்தப் பாதை ஒத்துவரும்.

கிழக்கிலிருந்து மேற்கே

பலரும் 35ஆம் எண் நெடுஞ்சாலையில் பார்லோ கணவாய்க்கு வந்து, அங்கிருந்து ஓடையோடு கீழே இறங்குகிறார்கள். வாகனத்தை நிறுத்த வசதியான இடம் என்பதே அதற்குக் காரணம். முதன்முறை வருபவர் வாமிக் பக்கத்திலிருந்து தொடங்கி மேற்கே ஏறிவருவதே மேல் என்பது என் கருத்து. குடியேறிகள் வந்த திசை அதுதான் என்பதோடு, ஏற்றத்தில் வண்டி நம் கட்டுக்குள் இருக்கும். தவறினாலும் மெல்ல நின்றுவிடும். காடு மாறுவதையும் அந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும். கிழக்கே ஓக் மரங்களும் பாண்டரோசா பைன் மரங்களும் இடைவெளிவிட்டு நிற்கும் காய்ந்த காடு. தரையில் புழுதியும் வெளியே துருத்திய கல்லும் இருக்கும். மேலே ஏற ஏற ஃபர், ஹெம்லாக் மரங்கள் நெருங்கி, வெயில் விழாத ஈரத்தரை வந்துவிடும். ஒரே நாளில் இருவகைத் தரைக்கும் ஓட்டும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

எரிபொருளை நெடுஞ்சாலையிலேயே, தி டேல்ஸ், ஹூட் ரிவர், சாண்டி போன்ற ஊர்களில் முழுவதுமாக நிரப்பிக்கொள்ள வேண்டும். லோ ரேஞ்சில் ஓடும்போது வழக்கத்தைவிட மிக அதிகமாகச் செலவாகும்.

டயரும் கியரும்

தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, டயர்களின் காற்றை நான்கில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். காற்றழுத்தம் 36 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) இருந்தால் 27 அளவுக்குக் கொண்டுவரலாம். காற்று குறைந்த டயர் தரையில் நீளமாகப் படிந்து, கல்லையும் வேரையும் அணைத்து ஏறும். அதனால் சக்கரம் சுழன்று மண்ணைப் பறிக்காது. வண்டியின் குலுக்கமும் குறையும். சிக்கிக்கொண்டாலொழிய அதற்கு மேல் குறைக்கும் தேவை இந்தப் பாதையில் இல்லை, அளவுக்கு மீறிக் குறைத்தால் கூரான கல்லில் டயரின் பக்கச்சுவர் கிழியும். திரும்பக் காற்றடிக்கச் சிறிய மின்பம்ப் ஒன்றும், அழுத்தமானி ஒன்றும், முழு அளவிலான ஸ்டெப்னி டயரும் கட்டாயம்.

நான்கு சக்கர இயக்கத்தைச் சிக்கிய பிறகு போடுவது பலரின் வழக்கம். மண்பாதையில் நுழையும்போதே போட்டுவிட வேண்டும். இரு சக்கரங்கள் மட்டும் தள்ளும்போது அவை வழுக்கிச் சுழல்கின்றன. நான்கும் பகிர்ந்துகொண்டால் எதுவும் எளிதில் சுழலாது, பாதையிலும் காயம் படாது. வேகத்தைப் பொறுத்தவரை, எருதுகள் மணிக்கு 2 மைல் நடந்தன. நாம் 5 முதல் 10 மைல் போகலாம், கல் நிறைந்த இடங்களில் அவற்றின் வேகத்துக்கே இறங்கிவிட வேண்டும். மற்ற இடங்களில் கட்டைவிரலை ஸ்டியரிங்கின் உள்பக்கமாகச் சுற்றிப் பிடிப்பது வழக்கமாக இருக்கலாம். இங்கே கட்டைவிரலை வெளிப்பக்கமாகவே வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் முன்சக்கரம் ஒரு வேரில் மோதும்போது ஸ்டியரிங் திடீரென்று திரும்பிக் கட்டைவிரலை முறித்துவிடும்.

குறுக்கே கிடக்கும் வேரையும் சிறு மரத்தையும் சற்றுக் கோணலாக அணுகி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். கல்லை இரு சக்கரங்களுக்கு நடுவே விட நினைப்பது ஆபத்து. அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி அதில் இடிக்கும். கல்லின் மேல் டயரை ஏற்றிச் செல்வதே பாதுகாப்பு. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது இறங்கி நடந்து பார்க்க வேண்டும். உடன் வந்தவர் ஒருவரை முன்னே நிறுத்தி, அவர் கை காட்டும் பக்கம் திருப்புவது என்று பேசிக்கொள்ளலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஒருவர்தான் வழிகாட்ட வேண்டும்.

தடத்தை விட்டு விலகாமை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படிக்க வேண்டும். பாதையின் நடுவில் சேற்றுக்குட்டை தெரிந்தால் கை தானாகவே ஸ்டியரிங்கை ஓரத்துக்குத் திருப்பும். முதல் வண்டி ஒதுங்கிய இடத்தில் புல் மடியும். பத்தாவது வண்டி போகும்போது அங்கே இன்னொரு குட்டை உருவாகியிருக்கும். அதற்கும் அப்பால் பதினோராவது வண்டி ஒதுங்கும். இப்படித்தான் பத்தடிப் பாதை முப்பதடிச் சகதியாக மாறுகிறது. பார்லோ சாலையில் இதன் இழப்பு இன்னும் பெரிது. இன்றைய பாதையிலிருந்து சில அடி தள்ளி, மரங்களுக்கிடையே, ஆழமற்ற நீண்ட வாய்க்காலைப்போல ஒரு பள்ளம் போவதை உற்றுப் பார்த்தால் காணலாம். அடியில் பைன் ஊசிகள் மெத்தையாகக் கிடக்கும், கரைகள் மழுங்கியிருக்கும், நடுவில் சில இடங்களில் கனத்த மரமே வளர்ந்து நிற்கும். இரும்புப் பட்டை கட்டிய மரச்சக்கரங்களும் எருதுகளின் குளம்புகளும் ஆண்டுக்கணக்கில் அரைத்து உண்டாக்கிய பள்ளம் அது. ஓரத்தில் ஒதுங்கும் ஒரு வண்டி அதன் கரையை ஒரு நொடியில் உடைத்துவிடும், பிறகு அதைச் செய்துவைக்க யாராலும் முடியாது.

ஆகவே குட்டை வந்தால் இறங்கி, ஒரு கழியால் ஆழம் பார்த்து, அடி கெட்டியாக இருந்தால் லோ ரேஞ்சில் இரண்டாவது கியரில், சீரான வேகத்தில் நடுவிலேயே போக வேண்டும். நடுவில் கிளட்சை மிதிப்பதும் ஆக்சிலரேட்டரைத் திடீரென்று அழுத்துவதும் கூடாது. அடி கெட்டியில்லை என்றால் திரும்பிப்போவதைத் தவிர நேர்மையான வழி வேறில்லை. டெவில்ஸ் ஹாஃப் ஏக்கர் போன்ற புல்வெளிகளைக் கண்டால் நிறுத்திச் சுற்றிப் பார்க்கத் தோன்றும். வண்டியைப் பாதையிலோ முகாமிடத்திலோ விட்டுவிட்டு நடந்துதான் போக வேண்டும். பழைய ஆணி, சங்கிலித் துண்டு, இரும்புப் பட்டை எதுவும் கண்ணில் பட்டால் எடுக்கக் கூடாது. நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைக் கூட்டாட்சி நிலத்திலிருந்து அனுமதியின்றி எடுப்பது 1979ஆம் ஆண்டின் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வெள்ளாறு என்று பொருள்படும் பெயருடைய ஒயிட் ரிவர், பனியாற்றிலிருந்து பிறந்து சாம்பலும் மணலும் கலந்து வருவதால் அதன் அடி கண்ணுக்குத் தெரியாது. பிற்பகல் வெயிலில் பனி உருகும்போது அதன் நீர்மட்டம் உயரும். அதை வண்டியோடு இறங்கிக் கடக்கும் எண்ணமே வேண்டாம். வரைபடம் காட்டும் பாலத்தையே பயன்படுத்த வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்துக்கு முன்பே கியரைத் தீர்மானித்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் வண்டியின் உந்துதல் போய்விடும். சரிவில் குறுக்காக ஏறக் கூடாது, நேராகவே ஏற வேண்டும், ஏனென்றால் குறுக்கே திரும்பிய வண்டிதான் உருளும். பாதி ஏற்றத்தில் சக்கரம் சுழலத் தொடங்கினால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். மேலும் அழுத்துவதால் வண்டி ஏறாது, பள்ளம்தான் விழும். அந்த நிலையில் செய்ய வேண்டியது இது: பிரேக்கை அழுத்தி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, ரிவர்ஸ் கியரைப் போட்டு, பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, வந்த தடத்திலேயே கியரின் பிடியில் நேராகக் கீழே இறங்க வேண்டும். நியூட்ரலில் பின்னோக்கி உருளவிடுவதும், பாதிச் சரிவில் வண்டியைத் திருப்ப முயல்வதும் உயிருக்கே ஆபத்தானவை.

இறக்கம் இன்னும் கவனம் தேவைப்படும் வேலை. லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு, இரு கால்களையும் மிதிகளிலிருந்து எடுத்துவிட்டால், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் நெம்புகோலை முதல் கியரிலேயே பூட்டிவிட வேண்டும். பிரேக்கையே அழுத்திக்கொண்டு இறங்கினால் அதன் பட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். சக்கரமும் பூட்டிக்கொண்டு சறுக்கும், சறுக்கும் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. கியரின் பிடி போதாத இடத்தில் மட்டும் பிரேக்கை மென்மையாகத் தொட்டுவிடலாம். வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் விலகுவதுபோலத் தோன்றினால், பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரைச் சிறிதளவு கொடுக்க வேண்டும். மனம் இதை ஒப்பாது என்றாலும் சக்கரம் மறுபடி உருளத் தொடங்கி வண்டி நேராகும்.

எதிரே வண்டி, குறுக்கே மரம்

ஒற்றைப் பாதையில் ஏறிவருபவருக்கு இறங்குபவர் வழிவிடுவது முறை. ஆனால் ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்வாங்குவதே நடைமுறை. கடந்து வந்த அகலமான இடத்தை நினைவில் வைத்துக்கொண்டே போனால், பின்வாங்க வேண்டி வரும்போது தடுமாற்றம் இருக்காது. குதிரையில் வருபவரைக் கண்டால் நிறுத்தி என்ஜினை அணைத்துவிட்டு, அவர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

குறுக்கே மரம் விழுந்திருந்தால், கைரம்பத்தால் அறுத்து இருவர் தூக்கி நகர்த்தக்கூடியதை மட்டும் நகர்த்தலாம். அடிமரம் பருமனாக இருந்தால், அல்லது வளைந்து இறுக்கத்தில் இருந்தால், தொடாமல் திரும்பி, வனச்சரக அலுவலகத்துக்கு இடத்தைச் சொல்லிவிட வேண்டும். இறுக்கத்தில் இருக்கும் மரம் அறுபடும் நொடியில் விசிறியடிக்கும். அதைச் சுற்றிக் காட்டுக்குள் புதுவழி போடுவது பற்றி மேலே சொன்னதே போதும்.

சிக்கிக்கொண்டால்

முதலில் மண்வெட்டி, பிறகுதான் வின்ச் எனப்படும், வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி. டயருக்கு முன்னே உள்ள மண்ணைச் சரிவாக வெட்டியெடுத்து, மீட்புப் பலகைகளை அடியில் செருகி, காற்றை இன்னும் கொஞ்சம் குறைத்தாலே பெரும்பாலும் வண்டி வெளியே வந்துவிடும். மற்றொரு வண்டி உடன் வந்திருந்தால், தகுந்த கொக்கிப்புள்ளிகளில் மட்டும் இழுவைப் பட்டையை மாட்டி மெதுவாக இழுக்கலாம். டிரெய்லரை இணைக்கும் இழுவைப் பந்தில் பட்டையை மாட்டுவது கூடவே கூடாது. அது முறிந்து கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு பாயும்.

வின்ச் தேவைப்பட்டால் உயிருள்ள, பருத்த மரத்தைத் தேர்ந்து, அதன் அடியில் குறைந்தது 3 அங்குல அகலமுள்ள மரப்பாதுகாப்புப் பட்டையைச் சுற்றி, அதில் ஷாக்கிள் என்ற இரும்பு வளையத்தை மாட்டி இழுக்க வேண்டும். கம்பிவடத்தை நேரடியாக மரத்தில் சுற்றினால் அது மரப்பட்டையை அறுத்து, நீரோட்டத்தைத் துண்டித்து, மரத்தைச் சில ஆண்டுகளில் கொன்றுவிடும். பழைய தடத்தை ஒட்டி நிற்கும் முதுமரங்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. வடத்தின் மேல் கனமான துணியோ பையோ போட்டு, இழுக்கும்போது எல்லோரையும் வடத்தின் நீளத்துக்கு அப்பால் நிறுத்த வேண்டும்.

நெருப்பும் தண்ணீரும்

கிழக்குப் பகுதியில் ஆகஸ்டில் எல்லாம் வைக்கோலாகக் காய்ந்திருக்கும். வண்டியின் அடியில் உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் காய்ந்த புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாவதால், புல் இல்லாத வெறும் தரையில்தான் நிறுத்த வேண்டும். மண்வெட்டி, ஒரு தீயணைப்பான், குடிநீருக்கு அப்பால் ஒரு காலன் தண்ணீர் ஆகியவை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கிரைண்ட்ஸ்டோன், பார்லோ கிரீக் போன்ற வழியோர முகாமிடங்கள் எளிமையானவை; குழாய்த் தண்ணீர் கிடையாது, குப்பையைத் திரும்ப எடுத்துவர வேண்டும். நாள்கட்டணம் தேவைப்படும் இடங்களுக்கு நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் எனப்படும் அனுமதிச்சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம்.

கணவாய்க்கு அப்பால்

பார்லோ கணவாயில் டயர்களுக்குக் காற்றை நிரப்பி, நான்கு சக்கர இயக்கத்தை எடுத்துவிட்டு, அச்சுகளில் சுற்றிய கொடியும் சேறும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். அருகிலுள்ள 3531ஆம் எண் சாலையில் முன்னோடிப் பெண்ணின் கல்லறை இருக்கிறது. 1924இல் சாலைப் பணியின்போது, வண்டிப் பலகையால் செய்த பெட்டியில் புதைக்கப்பட்டிருந்த அவரது எச்சங்கள் கிடைத்தன. பெயர் தெரியவில்லை, வழிப்போக்கர்கள் கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மேற்கே பழைய பாதையின் பெரும்பகுதி 26ஆம் எண் நெடுஞ்சாலைக்கு அடியிலோ அதையொட்டியோ போய்விட்டது. ஆனாலும் கவர்ன்மென்ட் கேம்ப் ஊரைத் தாண்டி லாரல் குன்றில் வண்டியை நிறுத்திவிட்டு, கொஞ்ச தூரம் நடந்து ஏறிப் பார்க்க வேண்டும். ஆரிகன் தடத்திலேயே மிகக் கொடிய இறக்கம் என்று குடியேறிகள் பலர் எழுதிவைத்த இடம் அது. வண்டியின் பின்புறம் கயிறு கட்டி, அதை மரத்தைச் சுற்றி விட்டுப்பிடித்து இறக்கினார்கள். சிலர் சக்கரங்களைச் சங்கிலியால் பூட்டினார்கள், சிலர் வெட்டிய மரம் ஒன்றைப் பின்னால் கட்டி இழுக்கவிட்டார்கள். கற்கள் சரிந்து கிடக்கும் அந்தச் சரிவின் அடியில் நின்று மேலே பார்க்கும்போது, லோ ரேஞ்ச் முதல் கியர் செய்யும் வேலையை அவர்கள் எதைக் கொண்டு செய்தார்கள் என்பது விளக்கமில்லாமலே புரிந்துவிடும். அங்கே வண்டி ஏற்ற அனுமதியில்லை, நடைவழியை விட்டு விலகிக் கற்களில் ஏறவும் கூடாது. வீடு திரும்பியதும், வழியில் கண்ட விழுந்த மரம், அரித்த பள்ளம், யாரோ புதிதாகப் போட்ட சுற்றுவழி ஆகியவற்றின் இடத்தைப் புகைப்படத்தோடு வனச்சரக அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும்.